முந்நூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள்

அந்த வியாழக்கிழமை அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோதே உடம்பில் பாதி உயிர்தான் இருந்தது. பத்து மாதக் குழந்தைக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. கணவன் பஸ் டிரைவர். அந்த வாரம் அவனுக்கு விடியற்கால ஷிப்ட். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது, மடியில் போடுவது, மறுபடி நடப்பது என்று அவளுக்கு மூன்று நாளாகத் தொடர்ந்து ஒரு மணி நேரத் தூக்கம்கூட வாய்க்கவில்லை. காலையில் நாத்தனார் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தோளிலிருந்து பையை இறக்கக்கூட இல்லை, அதற்குள் பக்கத்து சீட் பெண் திரும்பினாள்.

“அக்கா, டேட்டாபேஸ் எழுந்திருக்க மாட்டேங்குது.”

“குட் மார்னிங்காவது சொல்லு.”

“குட் மார்னிங் அக்கா. எழுந்திருக்க மாட்டேங்குது.”

அவர்கள் செய்வது மருத்துவமனைகளுக்கான பதிவு மென்பொருள். நோயாளி வந்து நின்றதும் பெயர், வயது, எந்த வார்டு, எந்த டாக்டர் என்று பதிந்துகொள்கிற வேலை. எழுதியதைச் சோதித்துப் பார்க்க ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் ஒரு பயிற்சி டேட்டாபேஸ் உண்டு. அது ஒரு கன்டெய்னருக்குள் ஓடும். கன்டெய்னர் என்பது மூடி போட்ட பெட்டி மாதிரி. வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடி ஓரமாக வைக்கலாம், கெட்டுப்போனால் தூக்கி எறிந்துவிட்டு வேறு பெட்டி வைக்கலாம். உள்ளே போட்ட விவரங்கள் மட்டும் பெட்டிக்கு வெளியே தனியாக ஒரு கிடங்கில் இருக்கும். பெட்டி போனாலும் கிடங்கு போகாது.

இந்தப் பெட்டியைத் திறக்க மூட நீளநீளமாகக் கட்டளைகள் அடிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் தன் சோம்பலுக்காக அவற்றை மூன்று சின்ன ஸ்கிரிப்டுகளாக எழுதி வைத்தாள். ஸ்டார்ட் திறக்கும். ஸ்டாப் மூடும். ரீசெட் கிடங்கையே துடைத்துவிட்டு, பத்து மாதிரி நோயாளிகளோடு புதிதாக ஆரம்பிக்கும். ஒருத்தி பார்த்துக் கேட்டாள், இன்னொருத்தன் கேட்டான். பொது ஃபோல்டரில் போட்டு வைத்தாள். இப்போது பதினெட்டுப் பேர் அந்த மூன்றையும் நம்பித்தான் பிழைக்கிறார்கள். அதில் எதற்குத் தும்மல் வந்தாலும் அவள் மேஜைக்குத்தான் வருவார்கள். அது அவளுடைய வேலையே அல்ல என்று மேனேஜர் உட்பட எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன?

அன்று மதியத்துக்குள் நாலு பேர் வந்துவிட்டார்கள். நாலு பேருக்கும் ஒரே வியாதி. மென்பொருளில் ஏதோ புதிதாகச் சேர்த்திருந்தார்கள். கிடங்கில் இருந்த பழைய விவரம் அதோடு ஒத்துப்போகவில்லை. ரீசெட் அடித்தால் சரியாகிவிடும். அதை நாலு பேருக்கும் நாலு தடவை சொன்னாள். ஐந்தாவதாக ஒருவன் வாசலில் தலை நீட்டியபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஒவ்வொருத்தரா வந்து என் உயிரை எடுக்காதீங்கப்பா. நானே ஒரு வழி பண்றேன்.”

பண்ணினாள். ஸ்டாப் ஸ்கிரிப்டைத் திறந்து, அதன் கடைசி வரியில் ஒரு சின்னக் கோடும் ஒரே ஒரு எழுத்தும் சேர்த்தாள். இனிமேல் ஸ்டாப் அடித்தாலே பெட்டியோடு கிடங்கும் போய்விடும். மறுநாள் ஸ்டார்ட் அடித்தால் இரண்டு நிமிடத்தில் புதுச்சரக்கோடு எழுந்துவிடும். பழசு ஒத்துப்போகவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃபோல்டரில் சேமித்தாள். எல்லோருக்கும் ஒரு வார்த்தை எழுதிப் போடலாம் என்று நினைத்தாள். அப்போது நாத்தனார் போன் வந்தது. “அண்ணி, காய்ச்சல் மருந்து எந்த அலமாரியில இருக்கு?” அலமாரியைச் சொல்லி, அளவைச் சொல்லி, குழந்தை அழுவதைக் கேட்டு, போனை வைத்தபோது எழுத நினைத்தது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று ஒருவர் இருந்தார். எல்லோரும் வைத்த பெயர்தான். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடம் ஒரு மருத்துவமனையின் பதிவு ஜன்னலில் உட்கார்ந்திருந்துவிட்டு, மென்பொருளைச் சோதிக்கிற வேலைக்கு வந்தவர். மற்றவர்களெல்லாம் எழுதுவார்கள், அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்பைத் தேடுவார். அதற்காகத் தன் கம்ப்யூட்டரில் பதினொரு மாதமாகப் பொய் நோயாளிகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஒரே நிமிடத்தில் பிறந்து ஒரே முதலெழுத்தோடு பதிவான இரட்டையர். பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்தவர். மயக்கமாகக் கொண்டுவரப்பட்டுப் பெயரில்லாமல் பதிவாகி, பிறகு பார்த்தால் ஏற்கெனவே அங்கே அட்டை வைத்திருந்த ஒருவர். தவறுதலாக இறந்துவிட்டார் என்று பதியப்பட்டு, அடுத்த மாதம் மாத்திரை வாங்க வந்து நிற்கிறவர். நூற்றேழு வயது அம்மாள் ஒருவர். அவரை மென்பொருள் ஏழு வயதென்று எடுத்துக்கொண்டு குழந்தைகள் வார்டுக்கு அனுப்பியதைப் பூதக்கண்ணாடிதான் பிடித்தார். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரையும் கையால் அடித்துச் சேர்த்தது. ஜன்னலில் உட்கார்ந்த நாட்களில் நேரில் பார்த்ததிலிருந்து எடுத்தது.

அவருக்குக் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரை பிடிக்காது. அதனால் பொது ஃபோல்டரில் இருந்த மூன்று ஸ்கிரிப்டுக்கும் மூன்று படங்களை அவள் அவர் திரையில் வைத்துக் கொடுத்திருந்தாள். அழுத்தினால் போதும். “இந்தச் சிவப்பு மேல மட்டும் கை படக் கூடாது சார்” என்று ரீசெட்டைக் காட்டிச் சொல்லியிருந்தாள். தன் நோயாளிகளின் விவரங்களுக்கெல்லாம் நகல் எடுத்து வைக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தரும்படி அவர் இரண்டு தடவை கேட்டிருந்தார். இரண்டு தடவையும் அவள், “அடுத்த வாரம் சார்” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் அவள் மேஜைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“கொஞ்சம் வந்து பாரும்மா. என் ஆளுங்க யாரையும் காணோம்.”

போய்ப் பார்த்தாள். பத்து மாதிரி நோயாளிகள் வரிசையாக நின்றார்கள். வேறு ஒருவரும் இல்லை.

“நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மூடிட்டுப் போனேன். எப்பவும் போல. ஸ்டாப்தான் அழுத்தினேன்னு நினைக்கறேன்…” அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சிவப்பை அழுத்திட்டேனோ என்னமோ.”

“இருங்க சார், பாக்கறேன்” என்று தன் இடத்துக்கு வந்து ஸ்டாப் ஸ்கிரிப்டைத் திறந்தாள். கோடும் எழுத்தும் அங்கே இருந்தன. அவள் வைத்ததுதான். கம்ப்யூட்டரின் மூலையில் மணி பத்தே கால்.

உடனே சொல்லியிருக்கலாம். எழுந்து பத்தடி நடந்து சொல்ல வேண்டியதுதான். அவள் எழுந்திருக்கவில்லை. சொன்னால் என்னென்ன வரும் என்று மனம் வரிசை போட்டது: மேனேஜர், கேள்விகள், அடுத்த புதன்கிழமை போகவேண்டிய புது வெளியீடு, எல்லாவற்றையும் திருப்பி அடிப்பது, அதற்கெல்லாம் உடம்பில் தெம்பு. முதலில் கோட்டையும் எழுத்தையும் எடுத்துவிட்டு ஸ்கிரிப்டைப் பழையபடி ஆக்கினாள். அதுவரைக்கும் சரி. பிறகு, மீட்க வழியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பார்க்கவும் இல்லை, சும்மா திரையை வெறித்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக் கூட்டத்தில் மேனேஜர் கேட்டார், “சோதனை எந்த அளவுல இருக்கு?”

பூதக்கண்ணாடி எழுந்து நின்றார். அந்தக் கூட்டத்தில் யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. “என் கையால ஒரு தப்பு நடந்துடுச்சு சார். தப்பான பொத்தானை அழுத்திட்டேன் போலிருக்கு. சேர்த்து வெச்சதெல்லாம் போயிடுச்சு. மன்னிக்கணும்.”

யாரோ ‘ச்சே’ என்றார்கள். மேனேஜர் பென்சிலைக் கீழே வைத்தார். “எல்லாமா?”

“எல்லாமும்தான்.”

அவள் தன் நோட்டில் ஒரு கட்டம் வரைந்தாள். கட்டத்துக்குள் இன்னொரு கட்டம் வரைந்தாள்.

மதியம் தண்ணீர் பிடிக்கப் போனபோது மாடிப்படித் திருப்பத்தில் அவர் குரல் கேட்டது. மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பள்ளி ஆசிரியை. மத்தியான இடைவேளையில்தான் பேச முடியும்.

“நீ சொன்னது சரிதான். அந்த ஞாபகமறதி டாக்டர்கிட்டயே போயிடலாம்… இல்ல, இன்னிக்கு ஆபீஸ்லயும் ஆயிடுச்சு. எதை அழுத்தினேன்னே நினைப்பு இல்ல… ஆமா, குழாயைத் திறந்து விட்டுட்டுப் போனேனே, அதே மாதிரிதான். கேட்டதையே மூணு தடவை கேக்கறேன்னு நீ சொல்லலியா… எனக்கும் அண்ணன் மாதிரி ஆகப்போவுதுன்னுதான் தோணுது. செவ்வாய்க்கிழமை அப்பாயின்ட்மென்ட் கிடைச்சா வாங்கிடு.”

அவர் படியில் உட்கார்ந்திருந்தார். போனை வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அவள் பாட்டிலில் தண்ணீர் வழிந்து கையெல்லாம் நனைந்தது.

இடத்துக்கு வந்ததும் பக்கத்து சீட் பெண் கேட்டாள், “என்னக்கா, முகம் இப்படி இருக்கு? குட்டிக்கு ஜுரமா?”

“இல்ல” என்றாள். இரண்டு மணி தாண்டி அவர் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் எழுந்து போனாள். ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“சார், நீங்க ரீசெட் அழுத்தல.”

“அழுத்தியிருப்பேன்மா. வேற எப்படிப் போகும்?”

“ஸ்டாப்தான் அழுத்தினீங்க. நான்தான் நேத்து மத்தியானம் ஸ்டாப்பை மாத்திட்டேன். மூடும்போதே கிடங்கையும் அழிக்கற மாதிரி. மத்தவங்களுக்குத் தொல்லை இல்லாம இருக்கட்டும்னு. உங்க நினைப்பே எனக்கு வரல. யாருக்கும் சொல்லவும் இல்ல.” நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று ஒரே மூச்சில் சொன்னாள். “உங்க மேல எந்தத் தப்பும் இல்ல சார். உங்களுக்கு ஒண்ணும் மறக்கல.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது எப்போ தெரியும் உனக்கு?”

“பத்தே காலுக்கு.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நான் கூட்டத்துல எழுந்து நின்னேனே. அப்போ தெரியுமா?”

“தெரியும் சார்.”

“என் அண்ணன் கடைசியில தன் பொண்ணையே பாத்து நீ யாரும்மான்னு கேட்டாரு” என்றார். குரல் உயரவில்லை. “காலையிலேர்ந்து நான் அதையே நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ பத்தடி தூரத்துல உக்காந்திருக்கே.”

அவர் எழுந்து வெளியே போனார். அரை மணி நேரம் வரவில்லை.

அதற்குள் அவள் மேனேஜர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். பதினெட்டுப் பேருக்கும் செய்தி எழுதிப் போட்டாள்: தப்பு என் ஸ்கிரிப்டில், அவர் மேல் இல்லை, யாருடைய விவரமாவது போயிருந்தால் என்னிடம் சொல்லுங்கள். மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “கோடு போட்டதை விடுங்க, யாருக்கும் நடக்கும்” என்றார். “காலையில வாய மூடிக்கிட்டு இருந்தீங்களே, அதுதான் எனக்குப் புரியல.” அவளுக்கே புரியாததை அவருக்கு எப்படிச் சொல்வாள்? “தப்புதான் சார்” என்றுவிட்டு வந்தாள்.

அப்புறம்தான் தேட உட்கார்ந்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் டேட்டாபேஸைப் புது வடிவத்துக்கு மாற்றியபோது, எல்லோர் கம்ப்யூட்டரிலும் வேறு பெயரில் ஒரு புதுக் கிடங்கு வைத்து விவரங்களை அதற்கு நகல் எடுத்திருந்தாள். பழைய கிடங்கை அழிக்கவேண்டும் என்று நினைத்தாள், செய்யவில்லை. பூதக்கண்ணாடியின் கம்ப்யூட்டரில் கிடங்குகளின் பட்டியலை எடுத்தபோது, எந்தப் பெட்டியோடும் சேராமல் அது அனாதையாகக் கிடந்தது. அழிக்கச் சொன்ன ஸ்கிரிப்டுக்கு அந்தப் பழைய பெயர் தெரியாது, அதனால் தப்பித்திருந்தது. ஒரு பெட்டியை அதோடு இணைத்துத் திறந்தாள். நூற்றுத் தொண்ணூற்றொரு பேர் வந்தார்கள். இரட்டையர் வந்தார்கள், நூற்றேழு வயது அம்மாள் வந்தார். உடனே, வேறு எதையும் தொடாமல், இரண்டு இடத்தில் நகல் எடுத்தாள்.

அவர் திரும்பி வந்து பின்னால் நின்றிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

“எத்தனை பேர்?”

“நூத்தித் தொண்ணூத்தியொண்ணு சார். மூணு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் இருக்கு. மிச்சம் நூத்தி இருபத்தொண்ணு.”

“சரி. மிச்சத்தை நான் சொல்றேன், நீங்க அடிங்க.”

‘நீங்க’ என்றார். இரண்டு வருடமாக வாம்மா போம்மா என்றவர். அந்த மரியாதை அவளுக்கு அறைந்த மாதிரி இருந்தது.

திங்கள்கிழமை அவர் பக்கத்திலேயே தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். அவர் எழுதியிருந்த பிழை அறிக்கைகளைப் புரட்டி நாற்பது பேரை மீட்டார்கள். மற்றவர்களை அவர் தலையிலிருந்துதான் எடுக்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். ஆம்புலன்சிலேயே பிரசவமாகி, தாய்க்கு முன்னால் குழந்தைக்கு அட்டை போட்ட கேஸ். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றி, விவாகரத்துக்குப் பிறகு பழைய பெயருக்கே வந்தவர். வலது கால் என்று பதிந்து இடது காலில் கட்டோடு நின்றவர். அவள் அடித்துக்கொண்டே போனாள். அவசியமான வார்த்தைக்கு மேல் ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. டீ வந்தபோது தன் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் மதியம்தான் வந்தார். டாக்டரிடம் போய்விட்டு வருகிறார் என்று அவளுக்குத் தெரியும். ஐந்தாறு பேரை அடித்து முடித்த பிறகு, திரையைப் பார்த்துக்கொண்டே அவராகச் சொன்னார்.

“காது மந்தமாம்.”

“சார்?”

“எனக்குத்தான் காது மந்தம்னு பார்த்தா உங்களுக்குமா? ரெண்டு காதும் கொஞ்சம் போயிருக்காம். கேட்டதையே கேக்கறது பதில் காதுல விழாததாலயாம். குழாய்ல தண்ணி கொட்டறதும் கேட்டிருக்காது. ஞாபகத்துக்கு என்னென்னமோ கேள்வி கேட்டாங்க, எல்லாத்துக்கும் சொல்லிட்டேன். இருந்தாலும் ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை வரச் சொல்லியிருக்காங்க.”

“நல்லது சார்.”

“நல்லதுதான். அதுக்காக நீங்க பண்ணினது சரின்னு ஆயிடாது.”

“ஆகாது சார்.”

“அடுத்த ஆளை அடிங்க. விபத்து கேஸ், வயசு தெரியாது, தோராயமா நாப்பது.”

மூன்று நாள் முதுகொடிய அடித்தார்கள். ஐந்தரைக்கு மேல் அவளால் இருக்க முடியாது, நாத்தனாருக்கும் வீடு வாசல் உண்டு. அதனால் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்தாள். அவரும் வந்தார். புதன்கிழமை போக வேண்டிய வெளியீட்டை மேனேஜர் இரண்டு நாள் தள்ளி வைத்தார். புதன் மதியம் எண்ணிப் பார்த்தால் முந்நூற்று மூன்று. ஒன்பது பேர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவர் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, “போகட்டும். அவங்க வரணும்னா அவங்களாவே வருவாங்க” என்றார்.

அன்றே அவள் நகல் எடுக்கும் ஸ்கிரிப்டை எழுதினாள். தன் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் மூன்று தடவை அழித்து மூன்று தடவை மீட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் திரையில் வைத்தாள். ரீசெட்டும் இனி கேட்டுக்கொண்டுதான் அழிக்கும். என்ன கேட்க வேண்டும் என்பதை அவரே எழுதிக் கொடுத்தார்: ‘இதை அழுத்தினால் எல்லாம் அழியும், திரும்ப வராது. நிஜமாகவா?’

ஆனால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று சாயங்காலம் கிளம்பும்போது அவளைக் கூப்பிட்டார்.

“ஸ்டாப் அழுத்தப் போறேன். வந்து நிக்கறீங்களா?”

போய் நின்றாள். அவர் அழுத்தினார், திறந்தார், எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்த்தார், மறுபடி அழுத்தினார். மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். பஸ்ஸுக்கு நேரமாகும். குழந்தை ராத்திரியெல்லாம் படுத்தியிருக்கும். நிற்கவே கால் வலிக்கும். ஒரு நாள்கூட அவள் முடியாது என்று சொல்லவில்லை. பையை மாட்டிக்கொண்டு போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். “சரி, போங்க” என்பார். போவாள். இப்படி மூன்று வாரம் ஓடியது.

நாலாவது வாரம் ஒரு திங்கள்கிழமை ஐந்தரைக்குப் பையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். அவர் திரை ஏற்கெனவே அணைந்திருந்தது. அவர் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“சார், ஸ்டாப்?”

“அப்பவே அழுத்திட்டேன்” என்றார். “நீ கிளம்பும்மா. பஸ்ஸு போயிடப்போவுது.”